நூறு வரை சொல்கிற குழந்தை ஐந்து எடுத்துத் தருமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வயதில் நூறு வரை எண்ணுகிறான், உலக நாடுகளின் தலைநகரங்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள் என்று பெற்றோர் பூரிப்போடு அனுப்பும் படங்களும் செய்திகளும் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. அந்தப் பூரிப்பைக் குறை சொல்ல நாங்கள் எழுதவில்லை. பெற்றவர்கள் பூரிக்காமல் வேறு யார் பூரிப்பது? மழலையர் வகுப்புகளில் பணியாற்றும் எங்களுக்கு ஒரே ஓர் ஆதங்கம்தான். அதே குழந்தை அதே வாரத்தில் இதைவிடப் பெரிய காரியங்களைச் செய்திருக்கும். எதைக் கவனிப்பது என்று தெரியாததால் அவை வீட்டில் பேச்சுக்கே வராமல் போகின்றன.

எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஒன்று, இரண்டு என்று நூறு வரை சொல்வது பாட்டு மனப்பாடமாவது போலத்தான் வருகிறது. ஒரு கிண்ணம் நிறையக் கட்டைகளை வைத்து, "மூன்று எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். (மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால், வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிய கட்டைகளாக இருக்கட்டும்.) இருபது வரை தடங்கலின்றிச் சொன்ன குழந்தை, கை கொள்ளும் மட்டும் அள்ளித் தரும். இரண்டரை வயது வாக்கில் பெரும்பாலும் 'ஒன்று' மட்டும் சரியாக வரும். வேறு எதைக் கேட்டாலும் ஒரு பிடிதான். சில மாதங்கள் கழித்து 'இரண்டு' பிடிபடும், அப்புறம் 'மூன்று'. மூன்றரை, நான்கு வயதை ஒட்டித்தான் அந்தப் பெரிய தாவல் நிகழ்கிறது: எண்ணும்போது கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்தத்தின் அளவு என்று குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. பிறகு ஐந்து கேட்டாலும் ஏழு கேட்டாலும் எண்ணி எடுத்துத் தரும். 1978-இல் ரோஷல் கெல்மன், சார்லஸ் காலிஸ்டல் என்ற இரு ஆய்வாளர்கள் எண்ணுதலின் அடிப்படை விதிகளை வகுத்தபோது இதையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். பொருள் ஒன்றுக்குச் சொல் ஒன்று, சொல்வரிசை மாறக்கூடாது என்பவையும் அவற்றில் அடங்கும்.

கடைசிச் சொல்லே மொத்தம் என்ற புரிதல் வந்துவிட்டதா என்று அறிய ஐந்து கட்டைகளை எண்ணச் சொல்லி, முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் வரவில்லை. அந்த நிலையில் நூறை நோக்கி இழுக்காமல் ஐந்துக்குள்ளேயே நிற்பது நல்லது. கட்டைகள் சிதறிக் கிடந்தால் எண்ணியதையே திரும்ப எண்ணும்; விரலை முந்திக்கொண்டு வாய் ஓடும். வரிசையாக அடுக்கி, எண்ணிய கட்டையைத் தள்ளி வைக்கச் சொன்னால் இந்தப் பிழை பெருமளவு குறையும். "நான்கு கட்டை இருக்கிறது" என்று பெரியவர்கள் முதலில் மொத்தத்தைச் சொல்லிவிட்டு, உடனே ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுவதும் நன்றாக உதவுகிறது.

எழுத்து பற்றிச் சுருக்கமாக. குழந்தையின் கை ஏறத்தாழ இரண்டு வயதில் நேர்கோட்டையும், மூன்றில் வட்டத்தையும், நான்கில் கூட்டல் குறியையும், அதன்பின் சதுரத்தையும், ஐந்தையொட்டி முக்கோணத்தையும் பார்த்து வரையத் தொடங்குகிறது. 'அ'வில் சுழியும் வளைவும் கோடும் சேர்ந்திருக்கின்றன. மூன்று வயதில் நீளமான பென்சிலைக் கொடுத்து அதை எழுதச் சொன்னால், குழந்தை முழு உள்ளங்கையால் பற்றி அழுத்தும். கை சீக்கிரம் வலிக்கும், வெறுப்பு வரும். விரல் நீளத்தில் பாதிக்கு ஒடித்த வண்ணக்கட்டியைக் கொடுங்கள். உள்ளங்கையால் பிடிக்க இடமில்லாததால் விரல் நுனிகள் தாமாகவே முன்வரும்.

நாங்கள் அதிகம் பேச விரும்புவது பழகும் திறனைப் பற்றி. இரண்டரை வயதுப் பிள்ளையைச் சேர்க்கும்போதே "யாரோடும் சேரமாட்டான்" என்று வருத்தத்தோடு சொல்லும் பெற்றோர் பலர். குழந்தைகள் விளையாடும் விதம் பற்றி மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எங்களுக்குப் பயன்படுகிறது: தனியே ஆடுவது, நின்று வேடிக்கை பார்ப்பது, அருகில் உட்கார்ந்து தன்போக்கில் ஆடுவது, சேர்ந்து ஆடுவது, ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொண்டு ஆடுவது என்று அவர் வகைப்படுத்தினார். இரண்டரை வயதில் அருகருகே ஆடுவதே இயல்பு. இவை ஒன்றை முடித்து ஒன்றில் ஏறும் படிகள் என்று எண்ண வேண்டாம். ஐந்து வயதிலும் தனியே ஆழ்ந்து விளையாடும் குழந்தைக்குக் குறை ஒன்றுமில்லை.

வேடிக்கை பார்க்கும் குழந்தையை முதுகில் தள்ளி, "போ, நீயும் சேர்ந்துக்கோ" என்பதுதான் பெரும்பாலும் கெடுத்துவிடுகிறது. நடுவில் புகுந்து "நானும் வரட்டுமா?" என்று கேட்கும் குழந்தைக்குப் பல நேரம் "முடியாது" என்றே பதில் வரும், ஏனென்றால் ஆட்டம் தடைபடுகிறது. சற்று நேரம் பார்த்து, பக்கத்தில் அதையே செய்யத் தொடங்கி, பிறகு ஆட்டத்துக்கு உதவும் ஒரு பொருளோடு நுழைகிற குழந்தையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எனவே "அவர்கள் வீடு கட்டுகிறார்கள். இன்னும் கட்டை தேவைப்படுமோ?" என்று காதோடு சொன்னால் போதும். தானாகவே இந்த வழியைக் கண்டுபிடிக்கும் நான்கு வயதுப் பிள்ளையைப் பார்க்கும்போது எங்களுக்கு உள்ளம் நிறைந்துவிடும். அதைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்ப முடியாது, அவ்வளவுதான்.

பொம்மையைப் பங்கு போடச் சொல்வதிலும் இதே சிக்கல். இரண்டு வயதுக் குழந்தையிடமிருந்து பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுத்தால், பெரியவர் பிடுங்கலாம் என்பதே அது கற்கும் பாடம். முறை வைப்பது எளிது: இரண்டு மூன்று நிமிட மணற்கடிகாரத்தைக் காத்திருக்கும் குழந்தையின் கையில் கொடுங்கள். காத்திருக்கும் நேரம் கண்ணுக்குத் தெரிந்தால் அழுகை தணியும். அடித்துவிட்டால் உடனே "மன்னிப்புக் கேள்" என்று வற்புறுத்துவதைவிட, "அவளுக்குக் கை வலிக்கிறது, என்ன செய்தால் சரியாகும்?" என்று கேளுங்கள். அடுத்தவர் மனதில் தன் மனதில் இருப்பதைவிட வேறு ஒன்று இருக்கலாம் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதில்தான் தெளிகிறது. கண்ணாமூச்சியில் ஒளிந்த இடத்திலிருந்தே "நான் இங்கே இருக்கேன்" என்று கத்திய பிள்ளை, ஒரு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கும். வீட்டில் கொண்டாட வேண்டிய நாள் அது.

பாராட்டும் விதத்திலும் கவனம் தேவை. 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர், படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள மழலையர்களுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். பின்னர் அந்தக் குழந்தைகள் தாமாக வரையும் நேரம் குறைந்துபோனது. 1998-இல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் சற்றுப் பெரிய பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள் எளிய புதிர்களையே நாடினார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கடினமானவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எனவே கண்டதைச் சொல்லுங்கள்: "கோபுரம் சரிந்தபோது பெரிய கட்டையை அடியில் மாற்றி வைத்தாயே, அதைப் பார்த்தேன்." விருந்தினர் முன் ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதிலாக, குழந்தையின் காதுபட இந்த ஒரு வரியைச் சொல்லலாம். கூச்சப்பட்டு வாய் திறக்காத பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

பெருமிதம் சில நேரம் கவனிக்க வேண்டியதை மறைத்துவிடுவதும் உண்டு. எழுத்துகளையும் எண்களையும் அபாரமாக அடையாளம் காணும் குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலோ, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமலோ, இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாமலோ இருந்தால், "பேசிடுவான்" என்று காத்திருக்க வேண்டாம். பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோனாலும் அப்படியே. குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். தங்கள் சிறுவர் பகுதியில் சாதனைப் படங்களுக்குப் பக்கத்தில் இந்த அறிகுறிகளையும் அவ்வப்போது வெளியிட்டால், பல வீடுகளுக்கு உரிய நேரத்தில் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியர்கள் சிலர்