‘பி.டி.எஃப். கிடைக்கிறது’ என்ற ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற மாத நூல் அறிமுகப் பகுதியில் ஒரு மொழிபெயர்ப்பு நாவலைப் பாராட்டிய கட்டுரையாளர், “கடைகளில் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், டெலிகிராமில் பி.டி.எஃப். கிடைக்கிறது” என்று முடித்திருந்தார். அந்த நாவல் என்னுடையதல்ல. ஆனாலும் முப்பது ஆண்டுகளாக நான் வாசித்துவரும் இதழில் அந்த வரியைப் பார்த்தது மிகுந்த வேதனையைத் தந்தது.

நானும் ஒரு மொழிபெயர்ப்பாளர். பள்ளி வேலை முடிந்த இரவுகளில் இரண்டரை ஆண்டுகள் அமர்ந்து, மலையாள நாவல் ஒன்றைத் தமிழாக்கினேன். மூல ஆசிரியருக்கான உரிமைத் தொகையைப் பதிப்பாளரும் நானும் பாதிப் பாதியாகக் கொடுத்தோம். அச்சிட்டவை 500 படிகள், விலை 350 ரூபாய், எனக்குப் பத்து விழுக்காடு. அத்தனையும் விற்றால்கூட எனக்குக் கிடைப்பது 17,500 ரூபாய். சென்னைப் புத்தகக் காட்சி முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை; உறவினர் ஒருவர், “உங்கள் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டேன்” என்ற வாழ்த்தோடு அதன் பி.டி.எஃப். கோப்பை எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். யாரோ பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படமெடுத்திருந்தார். சில பக்கங்களின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது. உறவினர் அன்போடுதான் அனுப்பினார் என்பதாலேயே என்னால் அவருக்குப் பதில் எழுத முடியவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் இன்னும் பதிப்பாளர் வீட்டு மாடியில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. அடுத்த நூலை ஏற்க அவர் தயங்குகிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் நூலைத் தங்கள் இதழ் அறிமுகப்படுத்தியபோது மொழிபெயர்த்தவர் பெயர் விடுபட்டிருந்தது. அன்று நான் கடிதம் எழுதவில்லை. கூட்டங்களுக்கு அழைத்துவிட்டுப் பயணச் செலவுகூடத் தராமல் தமிழ்த் தொண்டு என்று சொல்லி அனுப்பியவர்களிடமும் நான் எதுவும் கேட்டதில்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தாங்கள் அறியாததல்ல. படைப்பாளியின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமை உண்டு. அறிந்தே அதை மீறுவோருக்கும் அதற்குத் துணைபோவோருக்கும் 63ஆம் பிரிவு மூன்றாண்டுகள் வரை சிறை என்கிறது. ஓர் ஆசிரியையின் பாடநூல்களைப் பரப்பிய சேனல்காரர்களின் விவரங்களைத் தருமாறு டெலிகிராமுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது. ஆனால் 17,500 ரூபாய்க்காக நான் எந்த நீதிமன்றத்தின் படியேறுவது?

இலவசமாகப் படிப்பதை நான் எதிர்க்கவில்லை. 1998 முதல் மதுரைத் திட்டத் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களை உரிய முறையில் வலையேற்றி வருகிறார்கள். நானே அவற்றால் பயன்பெற்றவள். நூல்களை நாட்டுடைமையாக்கும்போது அரசுகூட வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுக்கிறது. பணமில்லாத மாணவர் கேட்டால் என் கைப்படியையே கொடுத்துவிடுவேன். என்னைக் கேட்காமல், பெயர் தெரியாத ஒருவர் ஆயிரம் பேருக்கு அதை அனுப்புவதையும், தங்கள் இதழ் அதற்கு வழிகாட்டுவதையும்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த இதழில் அந்த நாவலின் விலையையும் பதிப்பக முகவரியையும், மறவாமல் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும், அதே பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு மொழிபெயர்ப்பாளர்,
நாகர்கோவில்