உன் இரண்டாம் பத்தி

அன்புள்ள சுந்தரம்,

இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை என்று இந்நேரம் ஊரெல்லாம் சொல்லியிருப்பாய். மீனாட்சிக்கு முழங்கால் எப்படி? தர்மகர்த்தா இன்னும் அதே ஸ்கூட்டரில்தான் திரிகிறாரா? சரி, மற்றதெல்லாம் பிறகு.

காஸா போரை ஒட்டி, இஸ்ரேலோடு தொடர்புள்ள நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்க மறுத்த அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் பற்றிய உன் கட்டுரையில் முதல் பத்தி ஜோர். இரண்டாவதில் "யூதப் பணம் ஆட்டிவைத்ததால்தான் முதலீட்டை விலக்க மறுத்தார்கள்" என்று போட்டிருக்கிறாய். அந்த வரி அச்சேறக் கூடாதடா. நாகரிகம் பார்த்துச் சொல்லவில்லை, உண்மையே அப்படி இல்லை.

2024 ஏப்ரலில் அந்த முதலீட்டை விலக்கச் சொல்லி மாணவர்கள் வளாகத்தில் கூடாரம் போட்டார்கள். 30-ஆம் தேதி பல்கலைக்கழகத் தலைவர் கிறிஸ்டினா பாக்ஸன் அவர்களோடு உடன்பாட்டுக்கு வந்தார்: முகாமைக் கலைத்தால், கோரிக்கையை அக்டோபரில் நிர்வாக மன்றத்தில் வாக்கெடுப்புக்கு விடுவோம் என்று. விலகச் சொன்ன பட்டியலில் 10 நிறுவனங்கள். முதலில் ஆலோசனைக் குழு கூடி 8-க்கு 2 என்ற கணக்கில் 'வேண்டாம்' என்றது, ஒருவர் ஒதுங்கிக்கொண்டார். மன்றமும் அதையே ஏற்றது. நடுவே செப்டம்பரில் ஜோசப் எடெல்மன் என்ற அறங்காவலர், ஹெட்ஜ் ஃபண்டு (பெரும்பணக்காரர்கள், நிறுவனங்களின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் நிதி) முதலாளி, வாக்கெடுப்பு வைப்பதே தப்பு என்று ராஜினாமா செய்துவிட்டுப் போனார். நீ சொல்கிறபடி பணம்தான் ஆட்டிவைக்கிறது என்றால், அவர் போகவேண்டிய அவசியமே வந்திருக்காதே? பாக்ஸனும் யூதர். 2023 நவம்பரில் நிர்வாகக் கட்டடத்தில் உட்கார்ந்து கைதான முதல் 20 மாணவர்களும் யூதர்கள். போர்நிறுத்தமும் முதலீட்டு விலக்கலும்தான் அவர்கள் கேட்டது. உன் வரியில் இவர்களுக்கு இடம் எங்கே?

கொடையாளர் நெருக்கடியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெரும்புள்ளிகள் நன்கொடையை நிறுத்தியது ஊரறிந்த கதை. அதை எழுது: யார், எப்போது, என்ன நிபந்தனை என்று. ஒரு கோடீஸ்வரரைத் திட்ட அவர் பெயர் போதும், அவர் மதம் எதற்கு?

மறுப்புக்கான காரணத்தில் பாதி, நிதி வைக்கப்பட்டிருக்கும் விதத்திலேயே இருக்கிறது. உன் கட்டுரையில் அதைக் காணோம். பிரவுனின் அறக்கொடை நிதி அப்போது ஏறக்குறைய 720 கோடி டாலர். அதில் 96 சதவீதம் வெளி முதலீட்டு மேலாளர்கள் கையில். அந்த 10 நிறுவனங்களில் நேரடிப் பங்கு ஒன்றுகூட இல்லை. மேலாளர் பல கல்லூரிகள், ஓய்வூதிய நிதிகள் எல்லாவற்றின் பணத்தையும் ஒன்றாகப் போட்டு வாங்குகிறார். கூட்டாஞ்சோற்றில் நீ போட்ட உப்பை மட்டும் திருப்பிக் கேட்க முடியுமா? விலக வேண்டுமென்றால் முழு ஃபண்டிலிருந்தும் விலகவேண்டும். ஹெட்ஜ் ஃபண்டானால் பணத்தை எடுக்கவிடாத பூட்டுக்காலம், முன்னறிவிப்பு; சந்தைக்கு வராத நிறுவனங்களை வாங்கும் பிரைவேட் ஈக்விட்டியானால் பத்து வருஷம்கூடப் பணம் வராது. பெரிய கல்லூரியானால், 'இன்ன நிறுவனம் வேண்டாம்' என்று தனிக்கணக்கு கேட்டு வாங்கலாம். அதற்குச் செலவு அதிகம், நல்ல மேலாளர் பலர் சம்மதிப்பதுமில்லை. காலாண்டுக்கு ஒருமுறை அரசுக்குப் போகும் 13-எஃப் படிவத்தைப் பார்த்து மாணவர்கள் பட்டியல் போடுவதிலும் இதே கோளாறு. அமெரிக்கச் சந்தையில் நேரடியாக வைத்திருக்கும் பங்குகள்தான் அதில் வரும். முக்கால்வாசி நிதி அதன் கண்ணில் படாது.

1985-இல் கொலம்பியா பல்கலைக்கழகம், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்த நிறுவனங்களை விட்டு விலக முடிவெடுத்ததை உதாரணம் காட்டியிருக்கிறாய். அன்று பல்கலைக்கழகங்கள் பங்குகளை நேரடியாகவே வைத்திருந்தன. விற்பதென்றால் தரகரிடம் சொன்னால் போதும். இன்று அப்படி இல்லை. ஆனாலும் "முடியவே முடியாது" என்று நிர்வாகங்கள் கைவிரிப்பதையும் நான் நம்பமாட்டேன். டப்ளின் டிரினிட்டி கல்லூரி 2024 மே மாதம், ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதிகளில் தொழில் செய்வதாக ஐ.நா. போட்ட பட்டியலில் இருக்கும் இஸ்ரேலிய நிறுவனங்களிலிருந்து விலக ஒப்புக்கொண்டது. மனம் வைத்தால் வழி உண்டு. பிரவுன் மன்றம் மனம் வைக்கவில்லை, அவ்வளவுதான். இதை நீ தாராளமாக எழுது, நானே கைதட்டுகிறேன்.

யூத வெறுப்பு என்று சொல்வதெல்லாம் விமர்சனத்தை அடக்கும் உத்தி என்று கடைசியில் முடித்திருக்கிறாயே, அது இன்னும் மோசம். உத்தியாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்கள் தங்கள் நம்பிக்கையைக் கைவிட மறுத்ததால் வளாகத்தின் சில பகுதிகளுக்குள் விடப்படவில்லை என்று சொல்லி, 2024 ஆகஸ்டில் நீதிபதி மார்க் ஸ்கார்ஸி இடைக்காலத் தடை விதித்தாரே, அது கற்பனையா? அதே வளாகத்தில் அந்த வருஷம் ஏப்ரல் 30 இரவு இஸ்ரேல் ஆதரவுக் கூட்டம் பாலஸ்தீன ஆதரவு மாணவர்களின் முகாமைத் தாக்கியது. போலீஸ் மணிக்கணக்கில் வேடிக்கை பார்த்தது. இதையும் எழுது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்காதே. ஹார்வர்டே 2025 ஏப்ரல் 29-இல் இரண்டு அறிக்கை விட்டது. ஒன்று யூத வெறுப்பு பற்றி, மற்றது முஸ்லிம்கள், அரபுகள், பாலஸ்தீனர்கள் மீதான பாகுபாடு பற்றி. இரண்டையும் படி, நீளம்தான், தூங்கிவிடாதே.

ஒரு வேடிக்கை. கோரிக்கையை நிராகரித்த பிரவுனுக்கே 2025-இல் வாஷிங்டன் நிதியை முடக்கியது. ஜூலையில் சமரசம்: தான் இருக்கும் ரோட் ஐலண்டு மாநிலத்தில் தொழிற்பயிற்சிக்காக பத்து வருஷத்தில் 5 கோடி டாலர் தருவதாகப் பிரவுன் ஒப்புக்கொண்டது. மாணவர்களுக்கு 'இல்லை' சொன்னதால் தப்பித்ததாகச் சொல்ல முடியாது. உன் மூன்றாம் பத்திக்கு இதை வைத்துக்கொள், இரண்டாவதை அடித்துவிட்டு.

திருத்தியதை அனுப்பு. முத்தையாவிடம் மட்டும் காட்டாதே, கமா போட்டே கொன்றுவிடுவான்.

உன்,
கணேசன்