அரை நாள் யாரிடம் இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாடவிதானமே வேண்டாம், பிள்ளை விரும்புவதை விரும்பிய நேரத்தில் படிக்கட்டும் என்று கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இருமுறை வாசித்தேன். முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன், முதல் வாசிப்பில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் இதே பரிசோதனை என் வீட்டிலேயே நடந்தது ஞாபகம் வந்தது.

2020இல் கொரோனாவால் பாடசாலைகளை மூடியபோது என் மகளின் மகன் மூன்றாம் தரம். சூம் வகுப்பில் அவனை இருத்த முடியவில்லை, விட்டுவிட்டோம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பல்கனியில் நின்றால் கடற்கரை ரயில்பாதை தெரியும். ஊரடங்கு தளர்ந்து ரயில்கள் ஓடத் தொடங்கியதும் கொப்பியும் பேனையுமாக அங்கேயே குடியிருந்தான். எது கோட்டைக்கு, எது காலிக்கு, எது எத்தனை நிமிடம் தாமதம் என்று எல்லாம் எழுதினான். 7.52க்கு வரவேண்டியது 8.09க்கு வந்தது. 809இலிருந்து 752ஐக் கழித்து, “57 நிமிடம் லேட், அம்மப்பா” என்றான். 17தான் என்று அவனுக்கு விளங்க அரை நாள் பிடித்தது. ஆனால் நூறுக்கும் அறுபதுக்கும் உள்ள வித்தியாசத்தை அவன் பிடித்துக்கொண்ட மாதிரி என் வகுப்பில் ஒருவரும் பிடித்ததில்லை.

ஆகவே கட்டுரையாளர் சொல்வது பொய்யில்லை. அந்த அரை நாள் பென்சன்காரனான என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். எங்கள் தொடர்மாடிக் காவலாளியின் மகனுக்கும் அதே வயது, அதே விடுமுறை. வீட்டிலிருந்த ஒரே போனைத் தகப்பன் வேலைக்குக் கொண்டுவந்துவிடுவார். அவன் என்ன கேட்டானோ, யார் காதிலும் விழவில்லை (என் காதிலும்தான்). பாடசாலை திறந்தபோது எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிறான் என்றார் தகப்பன்.

கட்டுரை உதாரணம் காட்டிய சமர்ஹில், ஏ. எஸ். நீல் என்ற கல்வியாளர் 1921இல் தொடங்கிய, இப்போது இங்கிலாந்தில் இருக்கும் பள்ளி. அங்கே வகுப்புக்குப் போவது பிள்ளையின் இஷ்டம், சரி. ஆனால் போக நினைக்கும் பிள்ளைக்கு நேரசூசியும் ஆசிரியரும் தயாராக இருக்கிறார்கள். அது கட்டணம் வாங்கும் பள்ளி என்பதையும் எழுதியிருக்கலாம்.

பத்து வயதுப் பிள்ளையை ரியூசன் ரியூசனாக அலைக்கழிக்கும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைக் கட்டுரை திட்டுகிறது; நானும் கூடவே திட்டுகிறேன். பாடவிதானத்தைப் பாதியாகக் குறைப்பதென்றாலும் கையெழுத்துப் போடுவேன். முழுவதையும் எடுத்துவிட்டால், காவலாளியின் மகனுக்கு மூன்றாம் தரத்தில் வாசிப்பும் கழித்தலும் வந்திருக்க வேண்டும் என்று கேட்க ஒரு தாள்கூட இருக்காது.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதானால், பகலில் வீட்டில் பெரியவர் எவரும் இல்லாத பிள்ளைக்கு இந்த முறை எப்படி நடக்கும் என்று எழுதட்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அப்படிப் பிள்ளைகள் நிறைய.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.