வாரத்துக்கு முன்னூறு கிராம்

ஓல்டன்பர்க், ஜெர்மனி,
செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மருமகன், உன் பையன், அக்டோபரில் இங்கே படிக்க வந்தால் மூன்று வேளையும் கறிதான் தின்ன வேண்டியிருக்குமோ, உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று கேட்டிருந்தாய். கவலைப்படாதே. கறி தின்கிற ஊர்தான், ஆனால் குறைத்துக்கொண்டு வருகிற ஊர். 2018-இல் ஆளுக்கு வருஷம் 61 கிலோ தின்ற ஜெர்மன்காரர்கள் 2023-இல் 52 கிலோவுக்கு வந்துவிட்டார்கள். அப்படியும் வாரத்துக்கு ஒரு கிலோ ஆகிறது. இங்குள்ள ஊட்டச்சத்துக் கழகம் 2024 மார்ச்சில் சொன்ன அளவு, கறியும் சாசேஜும் சேர்த்து வாரத்துக்கு 300 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது. தட்டில் முக்கால் பங்கு செடியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது.

முன்னூறு கிராம் எவ்வளவு என்று அவனுக்குக் கண்ணால் தெரிய வேண்டும். ஷ்னிட்ஸல் என்று தட்டையாக அடித்துப் பொரித்த கறித்துண்டு ஒன்று 150 கிராம் இருக்கும். இரண்டு சாப்பிட்டால் அந்த வாரக் கணக்கு முடிந்தது. ஆனால் கணக்கைக் கெடுப்பது ஷ்னிட்ஸல் அல்ல, ராத்திரிச் சாப்பாடு. இங்கே இரவில் அடுப்புப் பற்றவைக்காத வீடுகள் நிறைய. ரொட்டி, வெண்ணெய், அதன்மேல் சலாமி, ஹாம் மாதிரி பதப்படுத்திய கறி இரண்டு துண்டு. துண்டு 15 கிராம் என்று வைத்தாலும் ஏழு ராத்திரிக்கு 210 கிராம் ஆகிவிடும். கறி தின்றோம் என்ற நினைப்பே இருக்காது. உடம்புக்கு அதிகக் கெடுதலும் இதுதான். உப்பும் நைட்ரைட்டும் போட்டுப் பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. தினம் 50 கிராமுக்கு அபாயம் 18 சதவீதம் கூடும். நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று மாமா பயந்துவிடப் போகிறார்கள். ஏற்கெனவே இருக்கிற அபாயம் அவ்வளவு கூடுகிறது, அதுதான் பொருள். அதனால் குறைப்பதை ரொட்டியிலிருந்து தொடங்கச் சொல். சூரியகாந்தி விதை 150 கிராமை நாலு மணி நேரம் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறு இரண்டு ஸ்பூன், தக்காளி விழுது, உப்பு, கொஞ்சம் எண்ணெய் சேர்த்து அரைத்தால் ரொட்டிக்குத் தடவ அருமையாக இருக்கும். ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும்.

சுற்றுச்சூழல் பேச்சை இங்கே யாரும் தூரத்து விஷயமாக நினைக்க முடியாது. ஓல்டன்பர்க்குக்குத் தெற்கே க்ளோப்பன்பர்க், வெக்டா என்று இரண்டு மாவட்டங்கள். நாமக்கல் கோழிப்பண்ணைகளைப் பார்த்த உனக்குப் புதிதாக இருக்காது. நீள நீளமாகக் கொட்டகை, பக்கத்தில் தீவன உருளை, கோழியோடு பன்றியும். அத்தனை விலங்கின் சாணமும் மூத்திரமும் குழம்பாகத் தேங்கும். குளிர் முடியும்போது லாரி லாரியாக வயலில் பாய்ச்சுகிறார்கள். பயிர் உறிஞ்சியது போக மீதித் தழைச்சத்து நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்குகிறது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது வரம்பு. அது மீறப்படுவதைத் தடுக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்று 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஜெர்மனிக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது.

அவனிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கறியை விட்டவர்கள் அந்த இடத்தில் சீஸை வைத்துவிடுகிறார்கள். இது பெரிய தப்பு. 100 கிராம் புரதத்துக்கு வெளிவரும் பசுங்குடில் வாயுவை உலக சராசரியாகக் கணக்கிட்டவர்கள் 2018-இல் தந்த எண்கள் இவை: இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டின் கறிக்குச் சுமார் 50 கிலோ, பன்றிக்கு 7.6, கோழிக்கு 5.7, சீஸுக்குக் கிட்டத்தட்ட 11. பயறு, கொண்டைக்கடலை வகை ஒரு கிலோவைக்கூடத் தொடாது. சீஸும் மாட்டிலிருந்துதானே வருகிறது. அசைபோடும் வயிறு விடும் மீத்தேன் அதிலும் சேர்கிறது. பன்றிக்கறியை நிறுத்திவிட்டு அதே புரதத்துக்குச் சீஸ் தின்றால் காற்றுக்கு நல்லது எதுவும் நடக்கவில்லை. கறியின் இடத்துக்குப் பருப்பு வர வேண்டும். பக்கத்து ஊர் மாடு என்றால் பரவாயில்லை என்பார்கள், அதையும் நம்ப வேண்டாம். மாட்டுக்கறியால் வரும் வாயுவில் லாரிப் போக்குவரத்தின் பங்கு மிகச் சிறிது.

பருப்பு சமைக்க நம் பையனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்பாய். இங்கே சில விஷயம் வேறு. பெர்லின் மாதிரி ஊர்களில் குழாய்த் தண்ணீர் ரொம்பக் கடினம். அதில் கொண்டைக்கடலை ராத்திரி முழுக்க ஊறினாலும் வேகாமல் கல்லாக நிற்கும். தண்ணீரிலுள்ள கால்சியம் தோலை இறுக்கிவிடுகிறது. லிட்டருக்குக் கால் ஸ்பூன் சமையல் சோடா போதும். கூடினால் சோப்பு வாடை அடித்துக் குழைந்துவிடும். தக்காளி, புளி எல்லாம் வெந்த பிறகுதான், புளிப்பும் அதே போல இறுக்கும். இங்கே வாங்கும் குக்கர் விசில் அடிக்காது, கம்பிதான் மேலே எழும். அந்தக் கம்பியில் இரண்டாவது வளையம் தெரிந்ததிலிருந்து, ஊறிய கடலைக்கு 15 முதல் 20 நிமிடம். ராஜ்மாவை மட்டும் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். மிதமான சூட்டிலேயே மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பானையில் நேராகப் போட்டால் அதிலுள்ள நச்சு அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு நிச்சயம்.

கறி வாய்க்கு ஏங்குகிற நாளுக்கு மீல்மேக்கர் தூள் இருக்கிறது. 50 கிராமில் 25 கிராம் புரதம். அவன் எடை 65 கிலோ என்றால் நாளுக்கு 52 கிராம் போதும், பாதி அதிலேயே வந்துவிடும். சப்பென்று இருக்கிறது, வாடை வருகிறது என்று எல்லோரும் சொல்வது பிழியாததால்தான். கொதிநீரில் 10 நிமிடம் ஊறப்போட்டு, உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் மஞ்சளான நுரைத் தண்ணீர் வழியும். அதைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அலசி, திரும்பவும் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிய வேண்டும். காய்ந்த பஞ்சு மாதிரி ஆன பிறகு வெங்காயம் வதங்கிய மசாலாவில் போட்டால் அத்தனையும் உறிஞ்சிக்கொள்ளும். டோஃபு என்ற சோயாப் பனீரை ஒரு ராத்திரி உறையவைத்து இளக்கிப் பிழிந்தாலும் இதே குணம் வரும். கடையில் கறி மாதிரியே செய்து விற்பதை அவசரத்துக்கு வாங்கலாம். உறையில் உப்பு எவ்வளவு என்று பார்த்து வாங்கச் சொல், பலதில் அதிகம்.

சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. ஒரு மணி நேரம் போகட்டும், பருப்போடு குடைமிளகாயோ எலுமிச்சையோ சேரட்டும். பாலும் முட்டையும் தினசரி சேர்கிறவரை பி12 பற்றிய பயம் குறைவு. அதையும் அடியோடு விட்டால் மாத்திரை கட்டாயம், இதில் விளையாட்டு வேண்டாம்.

குளிர்காலத்தில் நண்பர்கள் அவனைக் கேல் கீரை (முட்டைக்கோஸ் இனத்துக் கீரை) நடைக்குக் கூப்பிடுவார்கள். கைவண்டி இழுத்துக்கொண்டு வயல்வெளியில் நடந்து, கடைசியில் ஒரு விடுதியில் உட்கார்ந்து, கொழுப்பில் மணிக்கணக்கில் வெந்த கேல் கீரையையும் பிங்க்கெல் என்ற சாசேஜையும் சாப்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். பிங்க்கெல் சாம்பல் நிறத்தில் இருக்கும். உள்ளே உடைத்த ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம். கறி இல்லாமல் செய்யும்போது பலர் கொழுப்பை எடுத்துவிட்டு வேறெதுவும் போடாமல் விடுகிறார்கள். கீரை தண்ணீர் தண்ணீராக, பச்சை வாடையோடு நின்றுவிடும். ஒரு கிலோ கீரைக்குக் ராப்ஸ் எண்ணெய் நாலு ஸ்பூன் (நம்மூர்க் காரக் கடுகெண்ணெய் இல்லை, கடுகு இனத்து வேறு செடியின் எண்ணெய்), வெங்காயம் இரண்டு, புகைபோட்ட டோஃபு 200 கிராம் சிறு சதுரமாக முறுகலாக வறுத்தது, கடைசியில் அரைத்த கடுகு ஒரு ஸ்பூன், ஓட்ஸ் மூன்று ஸ்பூன். ஓட்ஸ்தான் சாற்றைக் கட்டி நிறுத்துகிறது. புகை வாசம் டோஃபுவிலிருந்து வரும்.

நம் வீட்டுக்கு இந்த முன்னூறு கிராம் உபதேசம் வேண்டாம், அக்கா. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பைத் தவிர நீங்கள் என்ன தின்கிறீர்கள்? மாமா சோற்றைக் குறைத்துப் பயறைக் கூட்டினால் அதுவே போதும்.

பெட்டியில் நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எதுவும் வைக்காதே. வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் இங்கே கொண்டுவரத் தடை, சுங்கத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். மசூர் பருப்பும் கொண்டைக்கடலையும் துருக்கிக் கடையில் மலிவு, துவரையும் உளுந்தும் ஆசியக் கடையில் கிடைக்கும். குக்கர் அனுப்புவதானால் அடி காந்தம் ஒட்டுகிற ஸ்டீலாக இருக்கட்டும். வெறும் அலுமினியக் குக்கர் இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது.

அன்புடன்,
உன் தம்பி