ஹார்டு டிரான்ஸ் இசைக்கான நம் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மின்னணு நடன இசையான ஹார்டு டிரான்ஸில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதை நிறுத்திவிட்டு, கிக் என்னும் முரசடியையும் பேஸ் என்னும் தாழ்சுருதி ஒலியையும் முதலில் ஒழுங்குபடுத்துவோம் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றினோம். அதன்படி இந்த ஆண்டு நடந்த பணிகளை இவ்வறிக்கையில் முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

ஆண்டின் பெரும்பகுதி பயிற்சிப் பட்டறைகளில் கழிந்தது. ஹார்டு டிரான்ஸ் பெரும்பாலும் 140 முதல் 150 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடிகள்) வேகத்தில் ஓடுவது. 145 பிபிஎம்மில் ஒரு கிக்கிற்கும் அடுத்த கிக்கிற்கும் இடையே 0.41 நொடிதான் கிடைக்கிறது. அந்த இடைவெளியின் நட்டநடுவில் ஆஃப்பீட் பேஸ் வந்து விழ வேண்டும். கிக்கின் ஒலி அடங்கும் வால் சற்று நீண்டுவிட்டாலும் பேஸுக்கு இடமில்லாமல் போய், இரண்டும் ஒன்றோடொன்று குழைந்து, வீட்டு ஹெட்போனில் கம்பீரமாக ஒலித்த பாடல் நடனத் தளத்தில் வெறும் உறுமலாகிவிடுகிறது. எனவே உறுப்பினர்கள் கொண்டுவந்த பாடல்களில் மெட்டு, பேட் என்னும் நீடித்த பின்னணி ஒலி, குரல் அனைத்தையும் நிறுத்திவிட்டு, கிக்கையும் பேஸையும் மட்டும் ஒலிக்கச் செய்து கேட்டோம். உயர்ந்த சுருதியில் தொடங்கிக் கண்ணிமைக்கும் நேரத்தில் 50 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும் கிக்கை எவ்வாறு வடிவமைப்பது, அதில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை எந்த அளவோடு நிறுத்துவது என்பவை விரிவாகப் பேசப்பட்டன. மெட்டை நிறுத்திய பிறகும் கால் தானாக அசைந்த பாடல்கள் மிகச் சிலவே என்பதை இங்கே பதிவு செய்வது செயலாளரின் கடமை.

அடுத்தது ஒலியமைப்பு. தளத்தின் வலப்பக்க மூலையில் ஆட வருபவர்கள் அங்கே நிலைக்காமல் நகர்ந்துவிடுகிறார்கள் என்பது நெடுநாளைய குறை. வெளிச்சம் போதவில்லை என்றும் காற்றோட்டம் இல்லை என்றும் காரணம் சொல்லப்பட்டு வந்தது. ஒலிக்குழுவினர் 50 ஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் ஓடவிட்டு, அளவுக் கருவியுடன் தளம் முழுவதும் நடந்து பார்த்தபோது அந்த மூலையில் கிக்கின் அடிப்பகுதி அறவே இல்லை என்பது தெரிந்தது. இந்த அதிர்வெண்ணின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். இருபுறமும் பிரித்து வைத்த இரண்டு சப்வூஃபர்களில் (தாழ்ந்த ஒலிக்கான ஒலிபெருக்கிகளில்) ஒன்றைவிட மற்றொன்று அரை அலைநீளமான 3.5 மீட்டர் கூடுதல் தொலைவில் இருக்கும் இடங்களில் இரு அலைகளும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இரண்டையும் மேடையின் நடுவே ஒன்றாகச் சேர்த்து வைத்த பிறகு அந்த மூலையிலும் ஆட்டம் நிலைத்தது. மேடை அலங்காரக் குழுவினர் மட்டும் இந்த ஏற்பாட்டை இன்னும் மன்னிக்கவில்லை.

பிரேக்டவுனின் நீளம் குறித்த விவாதம் இந்த ஆண்டும் முடியவில்லை. கிக் நின்று, மெட்டு மட்டும் மிதக்கும் அந்தப் பகுதி 32 பார்கள் (பாருக்கு நான்கு அடிகள்) என்றால், 145 பிபிஎம்மில் 53 நொடி ஆகிறது. ஒரு முறை அவ்வளவு நேரம் காத்திருக்கும் கூட்டம், அடுத்தடுத்து மூன்று பாடல்களில் காத்திருக்க நேர்ந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடும். பிரேக்டவுனே டிரான்ஸின் உயிர் என்னும் மூத்த உறுப்பினர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் கடினமான கிக் திரும்பி வரும்போது அதற்கு ஈடுகொடுக்கத் தளத்தில் ஆள் இருந்தாக வேண்டும் என்பதே என் கருத்து.

வினைல் இசைத்தட்டுப் பயிற்சியில் ஒரு பயனுள்ள பாடம் கிடைத்தது. 138 பிபிஎம் இசைத்தட்டை 145-க்கு ஏற்றினால் வேகம் 5 விழுக்காடு கூடுகிறது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளின் (இசைத்தட்டுச் சுழற்றியின்) 8 விழுக்காட்டு வேக மாற்ற வரம்புக்குள் இது எளிதில் அடங்கிவிடும். ஆனால் சுருதியும் ஏறத்தாழ ஒரு செமிடோன் (அரைச் சுரம்) மேலே ஏறிவிடுவதால், தாள அடிகள் கச்சிதமாகப் பொருந்தியும் மெட்டுகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. டிஜிட்டல் கருவியில் வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் கீ லாக் பொத்தானை அழுத்தியே பழகிய இளைய டிஜேக்களுக்கு இது புதிய அனுபவமாக இருந்தது.

வரலாற்று அமர்வு ஒன்று நடைபெற்றது. 1990-களின் தொடக்கத்தில் ஃபிராங்ஃபர்ட்டில் ஹார்ட்ஹவுஸ், ஆண்ட்வெர்ப்பில் போன்சாய் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட இசைத்தட்டுகள், கிட்டார் கலைஞர்களின் தனிப் பயிற்சிக்குத் துணையாக உருவாக்கப்பட்டு விற்பனையில் தோற்ற ரோலண்ட் டிபி-303 பேஸ் சின்தசைசர் கருவி இந்த இசையில் அலறத் தொடங்கியது, ஏழு ரம்ப அலைகளைச் சற்றே சுருதி விலக்கி அடுக்கும் சூப்பர்சா ஒலி 1996-இன் ரோலண்ட் ஜேபி-8000 சின்தசைசர் வழியே பரவியது, 2000-ஐ ஒட்டி நெதர்லாந்தில் ஹார்டுஸ்டைல் தனிக் கிளையாகப் பிரிந்தது ஆகியவை பேசப்பட்டன. பழைய இசைத்தட்டுகளைப் பொறுமையாக ஒலிக்கச் செய்த உறுப்பினர்களுக்கு நன்றி.

செவிப் பாதுகாப்பில் நாம் பின்தங்கியே இருக்கிறோம். இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்துள்ளது. நம் தளத்தில் அளவுக் கருவி மிக்ஸருக்கு அருகில் இருந்தும், இரவு ஏற ஏற ஒவ்வொரு டிஜேயும் முந்தையவரைவிடச் சற்றே ஒலியைக் கூட்டும் வழக்கம் மாறவில்லை. காதடைப்பான்கள் நுழைவாயிலில் வைக்கப்பட்டன. பெரும்பாலும் அங்கேயே இருந்தன.

வரும் ஆண்டில் மிக்ஸருக்குப் பின்னே ஒலி வரம்புக் கருவி ஒன்றைப் பொருத்தி அதன் சாவியை ஒலிக்குழுவிடம் மட்டும் வைத்திருக்கவும், புதிய டிஜேக்கள் முதல் வாய்ப்புக்கு முன் கிக்-பேஸ் பட்டறையில் கலந்துகொள்வதைக் கட்டாயமாக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்விரு பரிந்துரைகளையும் இந்த ஆண்டறிக்கையுடன் சேர்த்துப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்