இறங்கி மாறாமல் போக ஒரு ரயில் கொடுங்கள்: பிரிட்டன் போக்குவரத்து அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பிரிட்டன் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கும், கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ் என்ற புது அமைப்பில் உட்கார்ந்து அட்டவணை போடப்போகும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

இதையே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியாகிவிட்டது. பதில் என்று ஏதோ ஒன்று வந்தது. அதனால் இப்போது தமிழில், பொதுவில் வைக்கிறேன். இந்த நாட்டில் நெடுந்தூர ரயிலில் அல்லாடும் தமிழர்களும் கணிசமாக இருக்கிறோம், அவர்களாவது படிக்கட்டும்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள அபர்டீனில் இருந்து இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலில் இருக்கும் பென்சான்ஸுக்குப் போன நேரடி ரயிலை 2025 மே மாதம் நிறுத்திய கதை உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. காலை 8.20க்கு அபர்டீனில் கிளம்பி, சுமார் 775 மைல் ஓடி, ராத்திரி ஒன்பதரை வாக்கில் பென்சான்ஸ் போய்ச் சேரும். பிரிட்டனிலேயே மிக நீண்ட நேரடி ரயில் அதுதான். டே பாலம், ஃபோர்த் பாலம், நியூகாசில், யார்க், லீட்ஸ், பர்மிங்காம், பிரிஸ்டல், அப்புறம் டாவ்லிஷில் கடல் அலை ஜன்னலில் அடிக்க அடிக்கப் போய், பொறியாளர் ப்ரூனெல் கட்டிய சால்டாஷ் பாலத்தைத் தாண்டி கார்ன்வாலுக்குள் நுழையும். அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. நாலைந்து பெட்டிதான், ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் ஒரு டீசல் இன்ஜின் நாள் முழுக்க உறுமிக்கொண்டே வரும், பாதி தூரம் போவதற்குள் கழிவறைப் பக்கம் போக மனசே வராது. ஆனாலும் ஏறினால் ஏறின இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அது போதும் எங்களுக்கு.

‘முழுத் தூரமும் போகிறவர்கள் எத்தனை பேர்?’ என்று கேட்பீர்கள். குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டண்டியில் ஏறி பிளிமத்தில் இறங்குகிறவர், நியூகாசிலில் ஏறி கார்ன்வாலில் உள்ள ட்ரூரோ போகிறவர், இவர்களுக்கெல்லாம் இடையில் மாறத் தேவையில்லாமல் இருந்ததே, அதை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

என் அக்காவின் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு எண்பது நெருங்குகிறது. ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, இன்னொன்று காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது (அது வேறு துறை, அவர்களுக்குத் தனி மடல்). ஆங்கிலம் ‘தேங்க்யூ, சாரி’ அளவுக்குத்தான். அபர்டீனில் என்னோடு பாதி வருஷம், ட்ரூரோவில் மகளோடு பாதி வருஷம். அந்த ரயில் இருந்தவரை பிரச்சினையே இல்லை. காலையில் ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், ஃபிளாஸ்க்கில் காபி எல்லாம் கையில் கொடுத்து, பெட்டியை மேலே ஏற்றிவிட்டு நான் இறங்கிவிடுவேன். ராத்திரி ட்ரூரோவில் அவள் மகள் பிளாட்பாரத்தில் நிற்பாள். இடையில் அக்கா செய்ய வேண்டியதெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். பக்கத்தில் உட்காருகிற வெள்ளைக்காரப் பாட்டிகளோடு பாஷையே இல்லாமல் பேசி, வாழைப்பழம் பரிமாறிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவாள்.

ரயில் நின்ற பிறகு முதல் தடவை அவள் தனியாகப் போனபோது என்ன நடந்தது தெரியுமா? நாட்டின் நடுவில் உள்ள ஒரு பெரிய சந்திப்பில் மாற வேண்டும், பெயர் வேண்டாம். இறங்கி ஏற உதவிக்கு ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே பதிவு செய்திருந்தோம். வடக்கே இருந்து வந்த ரயில் தாமதம், அதனால் தெற்கே போக வேண்டிய ரயில் அவள் இறங்குவதற்குள் கிளம்பிவிட்டது. வர வேண்டிய உதவியாளர் வரவில்லை. லிஃப்ட் வாசலில் ‘பழுது’ என்று ஒரு காகிதம். அறிவிப்பு மேல் அறிவிப்பாக வருகிறது, இவளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இரண்டு பெட்டியையும் கால் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிளாட்பாரத்தில் தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதாம், அதனால் உட்காரவில்லை. கடைசியில் ஒரு கல்லூரிப் பையன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, பெட்டியைத் தூக்கி, அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டு, தன் இடத்தையும் கொடுத்துவிட்டு நின்றுகொண்டு போயிருக்கிறான். முன்பதிவு செய்த இருக்கை போன ரயிலோடு போய்விட்டது இல்லையா. அந்த ரயிலும் பிளிமத் போகும்போது கார்ன்வாலுக்குப் போகும் கடைசி வண்டி போய்விட்டிருந்தது. ட்ரூரோவில் இருந்து அவள் மகள் ராத்திரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப்போய்த்தான் கூட்டிவந்தாள். இழப்பீடாக டிக்கெட் பணத்தில் ஒரு பகுதி வந்தது. அக்கா இனி ரயிலே வேண்டாம் என்கிறாள்.

அதனால் கேட்கிறேன்: வடக்கையும் தென்மேற்கையும் லண்டன் போகாமல் இணைக்கிற, இறங்கி மாறத் தேவையில்லாத ரயில் ஒன்று வேண்டும். பகலில் ஒன்று. முடிந்தால் இரவில் ஒன்று.

இரவு என்றதும் உங்கள் அதிகாரிகள் சிரிப்பார்கள். நான் இந்த நாட்டுக்கு எண்பதுகளில் மாணவனாக வந்தவன், எனக்கு நினைவிருக்கிறது. 1982இல் ‘நைட்ரைடர்’ என்று ஒரு இரவு ரயிலை விட்டார்கள். படுக்கை கிடையாது, முதல் வகுப்பு இருக்கை, ஆனால் பேருந்தோடு போட்டி போடும் கட்டணம். லண்டனில் இருந்து ஸ்காட்லாந்துக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, பாதி தூங்கி பாதி தேநீர் குடித்து, விடியும்போது போய் இறங்குவோம். பையில் காசில்லாதவனுக்கும் முதல் வகுப்பு! பத்து வருஷம்கூட விட்டுவைக்கவில்லை. பிரிஸ்டல், பிளிமத் பக்கத்தில் இருந்து நேராக ஸ்காட்லாந்துக்குப் படுத்துக்கொண்டே போன ரயில்களும் உண்டு. காரை ஒரு பெட்டியில் ஏற்றிவிட்டு நாம் இன்னொரு பெட்டியில் தூங்கிப்போகும் மோட்டோரெயில் இருந்தது. நான் வருவதற்கு முன்பே, 1980இல், நைட் ஃபெர்ரி நின்றுபோனது. லண்டன் விக்டோரியாவில் படுத்தால் பாரிஸில் எழுந்திருக்கலாம். டோவரில் தூங்கும் பெட்டிகளை அப்படியே கப்பலுக்குள் தள்ளி, சங்கிலி போட்டுக் கட்டுவார்களாம், அந்தச் சத்தத்தில் பாதிப் பேர் விழித்துக்கொள்வார்களாம். படுக்கைப் பெட்டிக்குள் உயிர்காப்பு ஜாக்கெட்கூட வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் மானாமதுரை. போட் மெயிலில் தனுஷ்கோடி போய்க் கப்பல் மாறி இலங்கை போன கதையை அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் ரயிலைப் புயல் கொண்டுபோனது. உங்களுடையதை நீங்களே நிறுத்திக்கொண்டீர்கள்.

பிரான்ஸுக்குக் கடலுக்கடியில் சுரங்கம் வந்ததும் நைட்ஸ்டார் என்று சொன்னீர்கள். கிளாஸ்கோ, பிளிமத், ஸ்வான்சியில் இருந்தெல்லாம் இரவு ரயில் ஐரோப்பாவுக்குப் போகும் என்றார்கள். பெட்டிகளை ஆர்டர் கொடுத்து, பலவற்றைக் கட்டியும் முடித்து, ஒரு பயணியைக்கூட ஏற்றாமல் 2000இல் கனடாவுக்கு விற்றார்கள். மாண்ட்ரியலில் இருந்து ஹாலிஃபாக்ஸ் போகிறவர்கள் அதில் சுகமாகத் தூங்கிப்போனார்கள். பரவாயில்லை, யாராவது தூங்கினால் சரி.

அதைவிட வேடிக்கை 1995. லண்டனில் இருந்து ஸ்காட்லாந்து மலைநாட்டு ஊரான ஃபோர்ட் வில்லியமுக்குப் போகும் இரவு ரயிலை நிறுத்தப் பார்த்தார்கள். அந்த ஒரு ரயில் மட்டும் போகும் துண்டுப் பாதைகள் சில இருந்ததால், முறைப்படி மூடுவதற்குச் சட்ட நடைமுறை குறுக்கே நின்றது. அதைச் சுற்றிப்போக, யாருக்கும் பயன்படாமல் நடுராத்திரியில் ஒரு பேய் ரயிலை ஓட்டலாம் என்று திட்டம் போட்டார்கள்! அந்த வட்டாரத்தின் உள்ளாட்சியான ஹைலேண்ட் மண்டல மன்றம் எடின்பரோவில் ஸ்காட்லாந்தின் உச்ச சிவில் நீதிமன்றம் வரை போய் ஜெயித்தது. அதனால்தான் இன்றைக்கும் லண்டன் யூஸ்டனில் கிளம்பும் 16 பெட்டி வண்டி விடிகாலை எடின்பரோவில் மூன்றாகப் பிரியும்போது அதில் ஒரு துண்டு ஃபோர்ட் வில்லியம் போகிறது. லண்டனில் இருந்து பென்சான்ஸுக்குப் போகும் இரவு ரயிலான நைட் ரிவியேராவையும் 2005 வாக்கில் கைவிடப் பார்த்தார்கள், மக்கள் மனுப் போட்டுக் காப்பாற்றினார்கள். அதாவது மிச்சம் இருக்கிற இரண்டும் நீங்கள் கொடுத்ததல்ல, உங்கள் கையில் இருந்து பிடுங்கி வைத்துக்கொண்டது.

அந்த இரண்டுமே லண்டனைத்தான் சுற்றுகின்றன. சனிக்கிழமை இரவு இரண்டுமே ஓய்வு. நியூகாசில்காரரும் பிரிஸ்டல்காரரும் ராத்திரியில் எங்கும் போக மாட்டார்கள் என்று யார் முடிவு செய்தது? ஸ்காட்லாந்து அரசு 2023இல் தன் இரவு ரயிலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இங்கிலாந்து ரயில்களையும் ஒவ்வொன்றாகப் பொதுத்துறைக்குக் கொண்டுவருகிறீர்கள், நல்லது, வரவேற்கிறேன். புது அமைப்பின் தலைமையகம் டார்பி என்கிறீர்கள். அபர்டீன் – பென்சான்ஸ் வண்டி டார்பியில் நின்றுதான் போய்க்கொண்டிருந்தது. உங்கள் வாசல் வழியாகவே.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். அதிவேகப் பாதையெல்லாம் நான் கேட்கவில்லை. தண்டவாளம் இருக்கிறது, வண்டி இருக்கிறது, எடின்பரோவுக்கும் பிளிமத்துக்கும் நடுவே நாள் முழுக்க ஓடிக்கொண்டும் இருக்கிறது. இரண்டு முனையையும் கொஞ்சம் நீட்டி, வாரத்தில் சில நாளாவது முழுசாக ஓட்டிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். இரவில் படுக்கைகூட வேண்டாம், சாய்ந்து உட்கார நல்ல இருக்கை, சுத்தமான கழிவறை, சாமானியருக்குக் கட்டுப்படியாகும் கட்டணம், போதும். அடுத்த டிசம்பர் அட்டவணை தயாராகும்போது இதைத் தயவுசெய்து மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

முடியாது என்றால் ஏன் முடியாது என்று ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டு எழுதுங்கள். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்ற மின்னஞ்சல் வேண்டாம், அது ஏற்கெனவே வந்துவிட்டது.

மரியாதையுடன்,
அபர்டீனில் இருந்து ஒரு பழைய பயணி