மாலை யாருக்கு?

அன்புள்ள கதிருக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். உன் அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் நடந்த ஐஸ் ஹாக்கி விவாதத்தை நீ தொலைபேசியில் சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டிலும் அதே விவாதம் ஓய்ந்தபாடில்லை. 2019-இல் நம் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது ஒரு கோல்கீப்பருக்குத் திடீரென்று அடித்த யோகம்தான், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்று உன் வின்னிபெக் நண்பர்கள் சொன்னதாகவும், நீயும் அரை மனதாக அதை ஒப்புக்கொண்டதாகவும் சொன்னாய். அரை மனதாகக்கூட ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கட்சி. தொலைபேசியில் பேசினால் அப்பா குறுக்கே புகுந்து கணக்குப் பேசத் தொடங்கிவிடுவார். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

அந்த சீசனின் முதல் பாதி எவ்வளவு கசப்பாக இருந்தது என்பதை முதலில் அவர்களுக்குச் சொல். 2018 ஜூலை 1 அன்று பஃபலோவிலிருந்து ரயன் ஓ'ரைலி வந்தார்; டேவிட் பெரான் திரும்பி வந்தார்; டைலர் போசாக்கும் சேர்ந்தார். இந்த முறை விடமாட்டார்கள் என்று ஊரே நம்பியிருந்தது. நவம்பர் 19 வந்தபோது 19 ஆட்டங்களில் 7 வெற்றிதான். பயிற்சியாளர் மைக் யோவை அனுப்பிவிட்டு, கிரேக் பெரூபேயைத் தற்காலிகமாக அமர்த்தினார்கள். டிசம்பரில் பயிற்சியின்போது நம் ஆட்டக்காரர்கள் பொர்டூசோவும் சான்ஃபோர்டும் பனித்தளத்திலேயே ஒருவரையொருவர் குத்திக்கொண்ட காட்சியைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. ஜனவரி 3 காலையில் பட்டியலைப் பார்த்தால் 37 ஆட்டங்களில் 34 புள்ளிகள், 31 அணிகளில் கடைசி இடம். இனி மிச்ச ஆட்டங்களையும் தோற்றுவிட்டால் புது ஆட்டக்காரர் தேர்வில் முதல் இடம் கிடைத்து ஜாக் ஹியூஸ் வருவார் என்று பேசிய ரசிகர்கள் நம் தெருவிலேயே இருந்தார்கள். டாரசென்கோவை விற்றுவிடு, பியட்ராஞ்சலோவை விற்றுவிடு என்ற கூச்சல் வேறு. மேலாளர் டக் ஆர்ம்ஸ்ட்ராங் அந்தக் கூச்சலுக்குச் செவி சாய்க்காமல் இருந்தது பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஜனவரி 7 அன்று பிலடெல்பியாவில் ஜோர்டன் பின்னிங்டன் முதல்முறையாக ஓர் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதல்நிலை ஹாக்கி லீக்) ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆடினார். கோலை நோக்கி வந்த 25 அடிகளையும் தடுத்து, 3-0 என்று வென்று கொடுத்தார். சீசன் தொடங்கியபோது அணியின் கோல்கீப்பர் வரிசையில் நான்காவதாக இருந்தவர் அவர். முந்தைய ஆண்டு ஆட வாய்ப்பில்லாமல் பாஸ்டன் அணியின் கீழ்நிலை அணியான பிராவிடன்ஸுக்கு இரவல் போயிருந்தார் என்பதும், ஜூன் மாதம் அதே பாஸ்டனைத்தான் வீழ்த்தினார் என்பதும் கதைக்குச் சுவை கூட்டும் செய்திகள். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை தொடர்ந்து 11 வெற்றிகள். ஜனவரி 3-இலிருந்து எண்ணினால் 45 ஆட்டங்களில் 30 வெற்றி, சீசன் முடிவில் 99 புள்ளிகள்.

இங்கேதான் அப்பா தன் கணக்கைக் கொண்டுவந்து வைக்கிறார், அது சாதாரணக் கணக்கும் அல்ல. அந்த 45 ஆட்டங்களில் பின்னிங்டன் கணக்கில் சேர்ந்தவை 30. அவற்றில் 24 வெற்றி, 5 தோல்வி, ஓவர்டைமுக்குப் போய்த் தோற்றது 1. அதாவது வெற்றிக்கு இரண்டு, ஓவர்டைம் தோல்விக்கு ஒன்று என்று 49 புள்ளிகள். மற்ற 15 ஆட்டங்களில் அணிக்குக் கிடைத்தது 16 புள்ளிகள்தான். கடைசி இடத்தில் கிடந்தபோது ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பின்னிங்டன் இல்லாத நாட்களில் அதன் பிறகும் அப்படியேதான் ஓடியது. போதாக்குறைக்கு, யோவின் 19 ஆட்டங்களில் 17 புள்ளிகள், பெரூபேயின் முதல் 18 ஆட்டங்களிலும் அதே 17 புள்ளிகள். பயிற்சியாளரை மாற்றியதால் என்ன விளைந்தது என்று அப்பா கேட்கிறார். உன் நண்பர்கள் இந்தக் கணக்கை இன்னும் போடவில்லை என்றால், தயவுசெய்து நீயே எடுத்துக் கொடுத்துவிடாதே.

கணக்கில் பிழையில்லை. ஆனால் அது புள்ளிகளின் கணக்கு, ஆட்டத்தின் கணக்கு அல்ல. பெரூபே வந்த பிறகு டிசம்பரில் அணி என்ன செய்யத் தொடங்கியது என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுத்தளத்தில் அழகாகக் கைமாற்றிக்கொண்டு போய், பந்துக்குப் பதிலாக உள்ள ரப்பர் வட்டான பக்கைத் தொலைப்பதை விட்டுவிட்டு, அதை எதிரணியின் மூலைக்குத் தள்ளிவிட்டு, இரண்டு பேர் விரட்டிப்போய் அவர்களுடைய தடுப்பாட்டக்காரரைச் சுவரோடு சுவராக நெருக்குவார்கள். முதல் இருபது நிமிடத்தில் இதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. மூன்றாவது இருபது நிமிடப் பகுதியில்தான் தெரியும்: ஒவ்வொரு முறையும் திரும்பிப் பின்னால் ஓடி அடி வாங்கிய அந்தத் தடுப்பாட்டக்காரர் ஒரு நொடி தாமதமாகத் திரும்புவார், பக் நம் ஆளிடம் வந்துவிடும். இந்த முறையை ஒருநாள் கூட்டத்தில் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. மாறி மாறி இறங்கும் நான்கு வரிசை ஆட்டக்காரர்களும் ஒரே மாதிரி ஆடும் அளவுக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் தோல்வியும் வரும். பழகி முடிக்கும் நேரத்தில் நல்ல கோல்கீப்பர் ஒருவர் வந்து நின்றார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, கடைசியாக வந்தவர் கழுத்திலேயே ரசிகர்கள் மொத்த மாலையையும் போட்டுவிட்டார்கள். பின்னிங்டனுக்கு மாலை கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லா மாலையும் அவருக்கே என்பதைத்தான் மறுக்கிறேன்.

இதற்கு என்னிடம் உள்ள வலுவான சான்று, சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களே. அந்த இரண்டு மாதங்களில் பின்னிங்டன் தடுத்தது நூற்றுக்கு 91.4 அடிகள். நல்ல கணக்குதான், ஆனால் அதிசயம் எதுவும் இல்லை. இறுதிச் சுற்றில் எதிரே நின்ற பாஸ்டனின் டூக்கா ராஸ்க் அதே பிளே-ஆஃபில் தடுத்தது 93.4. கோல்கீப்பரே கோப்பையைத் தீர்மானிப்பார் என்றால் அது பாஸ்டனுக்கு அல்லவா போயிருக்க வேண்டும்? டல்லாஸுடன் நடந்த தொடரின் முடிவான ஏழாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்: கோலை நோக்கி நாம் அடித்தவை 54, அவர்கள் அடித்தவை 30. அன்று அதிசயம் செய்தவர் டல்லாஸ் கோல்கீப்பர் பென் பிஷப்; 52 அடிகளைத் தடுத்தும், இரண்டாம் ஓவர்டைமில் பாட் மரூனிடம் தோற்றுப்போனார். மரூன் இந்த ஊரில் பிறந்தவர், பிஷப் இந்த ஊரில் வளர்ந்தவர் என்பதால் அன்று இரவு இங்கே அழுதவர்களும் சிரித்தவர்களும் ஒரே வீட்டில் இருந்திருப்பார்கள். பிளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் கோல்கீப்பருக்குப் போகவில்லை, ஓ'ரைலிக்குத்தான் போனது.

பாஸ்டனில் நடந்த இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தின் முதல் இருபது நிமிடத்தை அப்பா விடமாட்டார், உன் நண்பர்களும் விடமாட்டார்கள். அவர்கள் 12 அடி, நாம் 4 அடி. அந்த நான்கில் இரண்டு கோல், அதுவும் இரண்டாவது கோல் பகுதி முடிய 8 வினாடிகூட இல்லாதபோது பியட்ராஞ்சலோ அடித்தது. அந்த இருபது நிமிடம் முழுக்கப் பின்னிங்டனுடையதுதான், சந்தேகமில்லை. 4-1 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் அவர் இல்லையென்றால் கதையே வேறு.

அதிர்ஷ்டம் என்ற பேச்சுக்கு வருவோம். அதே பிளே-ஆஃபில் சான் ஹோசேயுடன் மூன்றாவது ஆட்டம் இங்கேதான் நடந்தது. ஓவர்டைமில் அவர்களுடைய டீமோ மையர் விதியை மீறிக் கையால் தட்டிவிட்ட பக்கைக் கார்ல்சன் கோலாக்கினார். நான்கு நடுவர்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அந்த நாள் விதிப்படி வீடியோவைப் பார்த்துத் திருத்தவும் வழியில்லை. இதைவிடக் கெட்ட நேரம் ஓர் அணிக்கு வர முடியுமா? பெரூபே அதைப் பற்றிப் புலம்பவில்லை, ஆட்டக்காரர்களையும் புலம்ப விடவில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களும் 2-1, 5-0, 5-1 என்று நமக்கே வந்தன. யோகத்தால் மட்டும் வந்த அணி அந்த இரவோடு சுருண்டிருக்கும். இன்னொன்று, கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிய இரவிலும் பெரூபே ‘தற்காலிக’ப் பயிற்சியாளர்தான். நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்தானது அதற்குப் பிறகே. நம் ஊர் அரசு அலுவலகங்களில் பொறுப்பு அதிகாரியாகவே ஓய்வுபெற்றவர்களை நினைத்துக்கொண்டேன்.

சரி, 2019-ஐ ஒதுக்கி வைத்துவிடலாம் என்றாலும் 2025 இருக்கிறதே. 2024 நவம்பர் 19 அன்று, யோவை அனுப்பிய அதே தேதியில், பாஸ்டன் அணி தன் பயிற்சியாளர் ஜிம் மான்ட்கோமரியை வெளியே அனுப்பியது. ஐந்தே நாளில் ப்ளூஸ் அவரை அழைத்துக்கொண்டது. 2019-இல் மரூன் அடித்த கோலை டல்லாஸ் பயிற்சியாளராக எதிர்ப்பக்கம் நின்று பார்த்தவரும் இதே மான்ட்கோமரிதான். அவர் வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. பிப்ரவரி இடைவேளை வரை வென்ற ஆட்டங்களைவிடத் தோற்றவையே அதிகம். மார்ச் நடுவில் தொடங்கித் தொடர்ந்து 12 வெற்றிகள் வந்தன, 2019-இன் 11 என்ற சாதனையும் உடைந்தது. கடைசியில் 96 புள்ளிகளோடு கால்கரியும் நாமும் சமமாக நின்று, நூலிழையில் நாம் பிளே-ஆஃபுக்குள் போனோம். இப்போது சொல், இந்த முறை புதுக் கோல்கீப்பர் யார் வந்தார்? அதே பின்னிங்டன்தான் அக்டோபரிலிருந்தே நின்றுகொண்டிருந்தார். அனஹைமிலிருந்து கேம் ஃபௌலர் டிசம்பரில் வந்தார் என்பதுதான் ஒரே பெரிய சேர்க்கை, அதுவும் திருப்பத்துக்கு மூன்று மாதம் முன்பு. இரண்டு முறையும் நவம்பரில் பயிற்சியாளர் மாறியிருக்கிறார், பலன் ஒருமுறை ஏழு வாரம் கழித்தும் இன்னொருமுறை நான்கு மாதம் கழித்தும் கைக்கு வந்திருக்கிறது. இதைச் சொன்னபோது அப்பா, ‘நான்கு மாதம் கழித்து வருவதையெல்லாம் பயிற்சியாளர் கணக்கில் எழுதினால், தோல்வியை யார் கணக்கில் எழுதுவாய்?’ என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார். நல்ல கேள்விதான். யாருக்கும் நான்கு மாதம் பொறுமை இல்லாததால்தான் இந்த லீகில் பயிற்சியாளர்கள் நாற்காலியில் நிலைப்பதில்லை. பெரூபேயையும் 2023 டிசம்பரில் இதே நிர்வாகம்தான் அனுப்பிவைத்தது.

அடுத்த வீட்டுப் பெரியவர் எங்கள் இருவர் கட்சியிலும் இல்லை. 1968, 1969, 1970 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து இறுதிச் சுற்றுக்குப் போய், ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் திரும்பிய அணியைப் பார்த்தவர் அவர். பாஸ்டனின் பாபி ஓர் என்பவர் கோலடித்துக் காற்றில் பறந்த படம் ஊர் ஊராகத் தொங்கியபோது, அந்தக் கோலை வாங்கியது தன் அணி என்பதை அவர் மறக்கவில்லை. அந்தக் கடனை அதே பாஸ்டனிடம் 49 ஆண்டு கழித்து வசூலித்தார்கள், இதில் ஆராய என்ன இருக்கிறது என்கிறார். அவருடைய பேத்தியோ, பின்னிங்டனின் முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவில் ஆட்டக்காரர்கள் சிலர் பிலடெல்பியா மதுக்கடையில் கேட்ட ஒரு பழைய பாட்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று உறுதியாக நம்புகிறாள்.

உன் நண்பர்களிடம் கடைசியாக ஒன்று கேள். 2019 முதல் சுற்றில் வின்னிபெக் அணியோடு மோதி, தொடர் 2-2 என்று சமமாக நின்றபோது, ஐந்தாவது ஆட்டம் அவர்கள் அரங்கத்தில்தான் நடந்தது. 2-0 என்று பின்தங்கியிருந்த அணி சமன் செய்து, ஆட்டம் முடிய 15 வினாடி இருக்கையில் ஜேடன் ஷ்வார்ட்ஸ் மூன்றாவதை அடித்தபோது, பின்னிங்டன் மறுகோடியில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கோலும் அவர் யோகமா என்று கேள். பதிலுக்கு அவர்கள், மறுபடியும் வின்னிபெக்குடன் நடந்த 2025 மே மாதத்து ஏழாவது ஆட்டத்தைச் சொல்வார்கள். இரண்டு நிமிடம் இருக்கையில் 3-1 என்று முன்னால் நின்றோம். ஆட்டம் முடிய 1.6 வினாடி இருக்கையில் பெர்ஃபெட்டி சமன் செய்தார், இரண்டாம் ஓவர்டைமில் லோரி முடித்துவைத்தார். அதற்கு என்னிடம் எந்த விளக்கமும் இல்லை. அதை மட்டும் யோகம் என்று அவர்களே ஒப்புக்கொண்டால் நானும் ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்.

அன்புடன்,
அம்மா